ஐஸ்பழத்தோடு கொழும்புக்குப் போன ரத்தம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கல்யாணத்துக்கு நான் வெற்றிலைத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் திருத்தி அனுப்பியிருந்தாய், கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினமாதிரிதான் இருக்கிறது. ரம்புக்கனையிலிருந்து வரப்போகிற மருமகள் அதையாவது திருத்தட்டும். நான் எழுதிக் கொடுத்ததில் எல்லாப் பெயரையும் விட்டுவைத்திருக்கிறாய். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிற ஆள் என்று நீயே திட்டுகிற கண்டக்டரின் மச்சானைக்கூட விட்டுவைத்திருக்கிறாய். ஒரே ஒரு பெயரை அடித்திருக்கிறாய். தோட்டத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டிஸ்பென்சர் ஐயா. ஒரு கோடு போதும், நீ சிவப்புப் பேனாவால் மூன்று போட்டிருக்கிறாய். பக்கத்தில் "அம்மாவைச் சாகவிட்ட ஆள் என் கல்யாணத்தில் சோறு தின்ன வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் அந்த மூன்று கோட்டைப் பற்றியது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் உனக்குத் தெரியும். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் மூன்றாவது வார்த்தையில் ஒரு கேலி வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய கங்காணியின் மரணத்தில் பறை அடிக்க வந்தவரைச் சிரிக்க வைத்துத் தாளம் தப்பச் செய்தவன் நான். அதைப் பெருமையாக நானே எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன்! எழுதினால் கொஞ்சம் அடங்கியிருப்பேன் என்று நினைத்து உட்கார்ந்தேன். நாலு நாளாக எழுதுகிறேன். கேலி வந்த இடங்களை அடித்துவிட்டுப் பார்த்தால் பேப்பரில் "அன்புள்ள மகனுக்கு" மட்டும்தான் மிஞ்சுகிறது. ஆகவே வருகிறபடியே எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். ஆனால் இந்தமுறை கடைசி வரைக்கும் படி.

ரப்பர் ஸ்டோரில் என் வேலை என்ன என்று உன் பெண் வீட்டுக்காரர்கள் கேட்டபோது, "கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற ஆபீசர்" என்று சொல்லிவைத்தேன். பொய் இல்லை. ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிப் பால் கொண்டுவருகிறவர்களின் வாளியில் ஒரு கண்ணாடிக் கோலை மிதக்கவிட்டு, பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிறவன்தானே நான். கோல் முங்காமல் மேலே நின்றால் தண்ணீர். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். "வழியில குலுங்கிருச்சுங்க", "மழை விழுந்திருச்சுங்க", "மரம் சரியில்லீங்க". நான் ஒன்றையும் கேட்கமாட்டேன். "அக்கா, ரோட்டு மேல பழி போடாதீங்க. கோல் சொல்றதுதான் கணக்கு" என்பேன். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். உன் அம்மாவின் வாளியையும் நான் விட்டதில்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "இந்தம்மா வீட்டு ரசத்துக்கு இது பரவாயில்ல, கெட்டியாத்தான் இருக்கு" என்று சொன்னேன். உன் அம்மா வாளியைக் கவிழ்த்துவிட்டு, "வீட்டுக்கு வாங்க, ரசம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வெறும் சோறு. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும். அந்தக் கோலை மட்டும் மறந்துவிடாதே.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. வியர்வையில் ரவிக்கை நனைந்துபோகும். உடம்பு இளைத்தது. "மூக்குத்தியக் கழட்டினா காத்துல பறந்துருவே போல" என்று நான் கேலி செய்தேன். இருமலுக்கு மருந்து வாங்கத்தான் டிஸ்பென்சரிக்குப் போனாள். டிஸ்பென்சர் ஐயா இருமலைக் கேட்டுவிட்டு, அவள் கழுத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை என்று அவள் சொன்னதும்தான் அவர் முகம் மாறியதாம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "யட்டியாந்தோட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். காட்டினோம். டாக்டர், கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தமும் பார்க்க வேண்டும், கட்டியில் ஒரு துண்டு வெட்டியும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

உன் அம்மா கொழும்புக்கு வரமாட்டேன் என்றாள். அது பிடிவாதம் இல்லை, பயம். அவளுக்கு அடையாள அட்டை கிடையாது. அவள் பிறந்ததற்கான பதிவுத்துண்டே அவள் அப்பாவிடம் இருந்ததில்லை. யுத்தம் நடந்த அந்த நாளில் அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பெண் கொழும்பு பஸ்ஸில் ஏறினால், சோதனைச் சாவடியில் இறக்கி எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தியை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். நான்தான் அந்த மகா யோசனையைச் சொன்னேன். "ஐயா, அவளுக்குத்தானே ஐ.சி. இல்ல? ரத்தத்துக்கு யாரும் ஐ.சி. கேக்க மாட்டான். ரத்தத்த மட்டும் எடுத்துக் குடுங்க, நான் கொண்டுபோறேன்." டிஸ்பென்சர் ஐயா சிரிக்கவில்லை. "ரத்தம் மட்டும் போயி என்னய்யா பண்றது? ஆளு போகணும்" என்றார். நான் கெஞ்சினேன். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இதாவது நடக்கட்டும் என்று அவரும் இறங்கிவந்தார். காலையில் ரத்தம் எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அடைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். "குலுக்காம கொண்டுபோங்க. ஐஸ் கிஸ் ஒண்ணும் வெக்க வேணாம். ஐஸ் பட்டா ரத்தம் உடைஞ்சுரும்" என்று இரண்டு தரம் சொன்னார்.

இரண்டு தரம் சொன்னதுதான் தப்பு. ஒருதரம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். பஜாரில் பஸ்ஸுக்கு நின்றபோது வெயில் சுட்டது. மீன் கெடாமல் இருக்க ஐஸ் வைக்கிறான், ரத்தம் மட்டும் கெடாதா என்று என் மூளை வேலை செய்தது. ஐஸ் கிடைக்கவில்லை. ஆரஞ்சு நிறக் குச்சி ஐஸ்பழம் இரண்டு வாங்கி, டீ கொண்டுபோகிற பிளாஸ்க்குக்குள் போட்டு, நடுவில் உன் அம்மாவின் ரத்தத்தை நிறுத்தி மூடிவிட்டேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ நூறு தரம் கேட்ட அந்தக் கதையில் ஐஸ்பழம் வரவே வராது. சிப்பாய்தான் வருவான்.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். இருந்தாலும் உள்ளபடி ஒருதரம் எழுதிவைக்கிறேன். கொழும்புக்குள் நுழையும் இடத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய்க்கு உன் வயதுகூட இருக்காது. என் பிளாஸ்க்கைத் தூக்கிப் பிடித்து, "மே மொகத்த?" என்றான். இது என்ன என்கிறான். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒரே சொல்: "லே, மாத்தயா." ரத்தம், ஐயா! பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் என்னைவிட்டு ஒரு எட்டுத் தள்ளிப் போனார்கள். "காகே லே?" யாருடைய ரத்தம்? "மகே நோனாகே." என் பெண்சாதியுடையது. அவன் கண் இன்னும் பெரிதானது. "நோனா கோ?" அவள் எங்கே? "கெதர." வீட்டில். ரத்தம் கொழும்பில், பெண்சாதி வீட்டில். அவன் பிளாஸ்க்கைக் காதில் வைத்து, உள்ளே என்ன சத்தம் கேட்கிறது என்று குலுக்கினான். ஒருதரம் இல்லை, நாலு தரம். தேங்காயில் தண்ணீர் பார்க்கிற மாதிரி. பிறகு திறந்து பார்த்துவிட்டு, பாவம், மூடியை அவனே திருகிக் கொடுத்து, "பரிஸ்ஸமென் யன்ன" என்றான். பத்திரமாகப் போகச் சொன்னான்.

சோதனைக்கூடத்தில் இருந்தவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன அண்ணே இது? தெளிஞ்சு மஞ்சளா நிக்கணும். இது சிவப்பு சர்பத்து மாதிரில்ல இருக்கு" என்றார். இருந்தாலும் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பேப்பர் வந்தது. அதில் எல்.டி.எச். என்று போட்டு ஒரு எண். இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு. அடியில், ரத்தம் உடைந்திருக்கிறது, இந்த எண்ணை நம்ப முடியாது என்று ஒரு குறிப்பு.

டிஸ்பென்சர் ஐயா அதை எனக்கு விளக்கியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "இது ஒரு நொதியம். ஒடம்புல உள்ள எல்லா அணுவுக்குள்ளயும் இருக்கும். அணு உடைஞ்சா வெளியில கொட்டி ரத்தத்துல கலக்கும். ரத்தப் புத்துநோய்லயும், இந்த மாதிரி கழுத்துக் கட்டிப் புத்துநோய்லயும் அணுவெல்லாம் வேகமாப் பெருகி வேகமா உடையும், அப்ப இது ஏறும். ஆனா எங்க உடையுது, ஏன் உடையுதுன்னு இது சொல்லாது. ஈரல் கெட்டாலும் ஏறும். வழியில குழாய் குலுங்கி, குழாய்க்குள்ளயே உடைஞ்சாலும் ஏறும்." நான் உடனே, "அப்ப குலுங்கினதுதான்யா! சிப்பாய் நாலு தரம் குலுக்கினான்" என்று துள்ளினேன். அவர் சொன்னார்: "குலுங்கினது கொஞ்சம் ஏத்தியிருக்கும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. ஆனா அந்தக் கட்டிய எந்தச் சிப்பாயும் குலுக்கல. காய்ச்சலக் குலுக்கல. அடுத்த கிழமையே ஆளக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஐ.சி. இல்லாட்டி நான் தொரைகிட்ட லெட்டர் வாங்கித் தர்றேன்." வாங்கியும் தந்தார். இந்தப் பெண் இந்தத் தோட்டத்தில் பதிந்த தொழிலாளி, வைத்தியத்துக்காகப் போகிறாள் என்று தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திய கடிதம். இரண்டே நாளில் என் கையில் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி நீ உட்கார்ந்து படி. அவர் சொன்னது இரண்டு விஷயம். எண்ணை நம்ப முடியாது என்பது ஒன்று. அதனால்தான் உடனே போக வேண்டும் என்பது மற்றது. நான் வீட்டுக்கு வந்து முதல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "ஒண்ணும் இல்லையாம், ரத்தம் குலுங்கிருச்சாம்" என்றேன். உன் அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் இரண்டாவது விஷயத்தை விழுங்கிவிட்டேன். கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் செருகினேன். என் பயத்துக்கு முருகன் காவல்.

நாளைக்குச் சொல்வதற்குள் கதை பிறந்துவிட்டது. ஸ்டோரில் சொன்னேன், சிரித்தார்கள். பஜாரில் சொன்னேன், டீக்கடையில் எனக்கு இரண்டாவது டீ வந்தது. சிப்பாயின் குரலையும் அவன் கண்ணையும் செய்து காட்டினேன். நீயும் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் போத்தலைக் காதில் வைத்துக் குலுக்கிக் காட்டினாயாம், உன் வாத்தியார் சொல்லிச் சிரித்தார். அந்தக் கதைக்கு ஒரு குணம் இருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் உன் அம்மாவுக்கு நோய் இல்லை. குலுங்கியது மட்டும்தான் இருந்தது. கதையை எத்தனை பேருக்குச் சொன்னேனோ, அத்தனை பேரும் எனக்குச் சாட்சி. டிஸ்பென்சர் ஐயா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எப்பய்யா போறீங்க?" என்று கேட்பார். "அடுத்த கிழமைங்க" என்பேன். பிறகு அவர் வரும் வழியில் நான் போவதை விட்டேன். அவர் வீட்டுக்கே வந்தார். உன் அம்மா மலைக்குப் பால்வெட்டு வேலைக்குப் போயிருந்த நேரம். "ஊருக்குப் போயிருக்கா" என்று வாசலிலேயே பொய் சொல்லி அனுப்பினேன்.

தோட்டத்துத் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்த பிறகு பகல் நிகழ்ச்சியில் என்னை மேடையேற்றினார்கள். பிளாஸ்க்கும் தொப்பியுமாக அந்தக் கதையை நடித்தேன். தோட்டமே உருண்டது. துரைகூடச் சிரித்தார், பாவம், தான் கையெழுத்துப் போட்ட கடிதம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு என்ன தெரியும். உன் அம்மா முன்வரிசையில் இருந்தாள். அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போர்த்தியிருந்தாள். கட்டி அப்போது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. மேடையிலிருந்து நான் பார்த்தேன், மகன். பார்த்துக்கொண்டே பிளாஸ்க்கை நாலாவது தரம் குலுக்கினேன்.

நாலு மாதம் அப்படிப் போனது. ஸ்டோரில் நின்றுகொண்டு, "ரோட்டு மேல பழி போடாதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என் வீட்டு எண்ணுக்கு மட்டும் ரோட்டின்மேல் பழிபோட்டுவிட்டு இருந்தேன். பிறகு அவள் மரத்தடியில் மூச்சு வாங்கி விழுந்தாள். லொறியில் யட்டியாந்தோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு நாள்கூட வைத்திருக்காமல் அவர்களே வண்டி வைத்து, கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த வண்டியைச் சாவடியில் யாரும் நிறுத்தவே இல்லை. அவளிடம் யாரும் அட்டை கேட்கவும் இல்லை. இந்தமுறை அங்கேயே வைத்து அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். குலுக்க வழியே இல்லை. எண் முன்னதைவிட மேலே இருந்தது. கட்டியில் துண்டு வெட்டிப் பார்த்து, நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய், ரத்தப் புற்றுநோயின் சொந்தக்கார வகை என்றார்கள். மருந்து ஏற்ற ஏற்ற எண் இறங்கியது. ஒவ்வொரு முறையும் பேப்பரை வாங்கி, ஸ்டோரில் கோல் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். ஒருநாள் இருக்க வேண்டிய இடத்துக்கே இறங்கிவிட்டது. உனக்கு அன்றைக்குத்தான் கிரிக்கெட் மட்டை வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மாதம் கழித்து அது மறுபடி ஏற ஆரம்பித்தது. கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவளும் நன்றாகத்தான் சாப்பிட்டாள். எண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கடைசியாக அவள் வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் கலவானையிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். உன் அம்மா என்னிடம், "அந்தப் பிளாஸ்க் கதையச் சொல்லுங்களேன், இவங்க கேக்கட்டும்" என்றாள். சொன்னேன். வேறென்ன செய்வேன்? அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்து, தண்ணீர் குடித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஏங்க, குலுக்கினதாலதான்னு நெசமாவே நெனைச்சீங்களா?"

நான் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஒன்பது நாளில் போய்விட்டாள். அவளிடம் சொல்லாத பதிலை உன்னிடம் சொல்கிறேன்: இல்லை. ஒருநாளும் நினைக்கவில்லை.

நாலு மாதம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா? மகரகம டாக்டரிடம் கேட்டேன். "அதைச் சொல்ல முடியாது" என்றார். அவர் நல்ல மனிதர். அந்த வார்த்தையை வைத்து என்னை மன்னித்துவிடாதே. சொல்ல முடியாமல் போனதும் என்னால்தான்.

மரணம் முடிந்த வாரம் லயத்து வீடுகளில் யாரோ, "அந்த டிஸ்பென்சர் ஒழுங்கா ரத்தம் எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்று சொன்னார்கள். நீ அதைக் கேட்டாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் கீழே பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொய்யும் சொல்லவில்லை, கீழே மட்டும் பார்த்தேன். அன்று பின்னேரம் நீ டிஸ்பென்சரி ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தாய். துரையின் ஆள் விசாரிக்க வந்தபோது டிஸ்பென்சர் ஐயா, "மாங்கா விழுந்து ஒடைஞ்சிருச்சு" என்றாராம். மாமரம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். பன்னிரண்டு வருடமாக நீ அவரைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாய். அவர் ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உன் பட்டியல் வந்த மறுநாள், நீ அடித்த பெயருக்கே தட்டை எடுத்துக்கொண்டு போனேன். டிஸ்பென்சரியை மூடிய பிறகும் அவர் அந்தக் கட்டிடத்திலேயேதான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். தட்டைப் பார்த்தார், தொடவில்லை.

"பையனுக்குத் தெரியுமா?" என்றார்.

"என்னத்தங்க?" என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

"ஒங்க நடிப்ப என்கிட்ட காட்டாதீங்க. லெட்டர் விசயம்."

"இன்னும் சொல்லலீங்க."

"அப்ப தட்ட எடுத்துக்கிட்டுப் போங்க. என்னய வேணாம்னு நெனைக்கிற பையன் கல்யாணத்துல நான் எப்பிடிச் சாப்பிடுறது? தெரிஞ்ச பொறகு அவனே வந்து கூப்பிட்டா வர்றேன். கூப்பிடாட்டியும் சரி. ஆனா தெரியணும்." பிறகு, "ஆளு போகாம ரத்தத்த மட்டும் எடுத்து அனுப்பினது என் தப்பு. அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். ஆனால் அது தப்பே இல்லை என்பதையும் நான் எழுதுகிறேன்.

அந்த ஜன்னலில் இன்னும் கண்ணாடி இல்லை. பிஸ்கட் பெட்டியின் அட்டையை வைத்து அடைத்திருக்கிறார். "ஏங்க இத்தன வருசமாப் போடல?" என்று கேட்டேன். "ஒடைச்ச ஆளு வந்து போடட்டும்னு வெச்சிருக்கேன்" என்றார்.

துரையின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, மற்றபடி புத்தம் புதிது. ஒரு நாளும் பயணம் போகாத கடிதம் அல்லவா. தேதியைப் பார், உன் அம்மா விழுந்த நாளோடு வைத்துப் பார். பெயர் எழுதாத ஒரு அழைப்பிதழையும் வைத்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டாம் என்று கோடு போடுவதாக இருந்தால், சிவப்புப் பேனா உன்னிடம்தான் இருக்கிறது. ஓரமாக ஒரு நாற்காலி கொடுத்தாலும் வருவேன், கொடுக்காவிட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். புத்திமதி ஒன்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறதோ என்னவோ, சொல்லிவைக்கிறேன். உன் பெண்சாதி களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் சிரிக்க வைக்காதே. கேட்டுக்கொள், கூட்டிக்கொண்டு போ. சிரிப்பு திரும்பி வந்த பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

நீ வேலை செய்கிற ஹார்ட்வேர் கடையில் கண்ணாடி வெட்டுகிறார்கள் அல்லவா? அவர் ஜன்னலுக்கு அளவு எடுத்திருக்கிறேன்: அகலம் பதினாலு அங்குலம், உயரம் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவா. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள், பழந்துணியைச் சுற்றிக்கொள். நான் பஜாரில் நிற்கமாட்டேன், நீ நேரே அவர் வீட்டுக்குப் போ. யட்டியாந்தோட்டைக்கு மேலே ரோடு அப்படியேதான் கிடக்கிறது, குலுங்காமல் வர முடியாது. ஒருவேளை வழியில் உடைந்துவிட்டால், ரோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, மகன். உடைந்துவிட்டது என்று அவரிடம் சொல். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய் இன்னொன்று கொண்டுவா.

இப்படிக்கு,
போகாமல் இருந்த உன் அப்பா